பெண்களுக்குப் படுக்கை இல்லை

துணித் தொழிற்சாலையின் இஸ்திரிப் பிரிவில் அவளுக்கு மின்னல் என்று பெயர். தைத்து வரும் சட்டையை உதறி, காலரை நீவி, பெட்டியை ஓட்டி அவள் மடித்து வைப்பதற்குள் பக்கத்து மேசைக்காரி சட்டைக் கையைக்கூட நேராக்கியிருக்க மாட்டாள். மேற்பார்வையாளருக்கு அவளென்றால் உயிர். அவள்மேல் இல்லை, அவள் கையின் வேகத்தின்மேல்.

நாளெல்லாம் நின்றே செய்கிற வேலை, இடுப்பு விட்டுப்போனது. தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு மருந்தறை உண்டு. எங்கே வலி, எதனால் வலி என்று ஒரு வார்த்தை கேட்காமல் வெள்ளை மாத்திரை ஒன்றைக் கையில் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்பு அடங்கும். இடுப்பு மட்டும் அடங்கியிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பிறந்த அன்றே கண்மூடிய இரண்டாவது பிள்ளையை நினைத்து நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஓயாமல் அரற்றிக்கொண்டிருந்தது. அதுவும் சேர்ந்து அடங்கியது. வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுக்கவே முடியாது. "அதையே நினைச்சுட்டிருந்தா இருக்கிற பொண்ணை யார் பார்க்கிறது?" என்று மாமியார் ஒரே பேச்சில் வாயை அடைத்துவிட்டாள். ஆக, மாத்திரைதான் துணை. மருந்தறையில் கொடுப்பது போதாமல் கடையிலும் வாங்க ஆரம்பித்தாள்.

அவள் புருஷன் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினான். முன்பு மொடாக்குடியன். ஒரு நாள் கை கால் நடுங்கி, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அவன் அலறியபோது தெருவே திரண்டு வந்தது. தம்பிகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரியாஸ்பத்திரியில் குடியை நிறுத்துகிற வார்டில் இடம் கிடைத்தது. முதலாளி பழம் வாங்கிக்கொண்டு வந்து, "உடம்பைத் தேத்திட்டு வாப்பா, வண்டி எங்கேயும் போயிடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மின்னல் சாப்பாடு சுமந்தாள், வாந்தியைத் துடைத்தாள். வீடு திரும்பியவனைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். "பாவம், நோயிலேர்ந்து மீண்ட பிள்ளை" என்றாள் மாமியார். சரியான பேச்சுதான், குடி நோய்தான். மின்னல் அதை மனசார நம்பினாள். நம்பித்தான் ஒரு நாள் அவனிடம் வாய் திறந்தாள்.

"என்னங்க, அந்த மாத்திரையை என்னால விட முடியல. போடலைன்னா உடம்பெல்லாம் உதறுது. என்னையும் அந்த வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான். "பொம்பளை பேசற பேச்சா இது?"

"உங்களுக்கு வந்த மாதிரிதானே எனக்கும்..."

"நான் ஆம்பளை, கஷ்டத்துக்குக் குடிச்சேன். உனக்கு என்ன கேடு வந்துச்சு?"

"மெதுவாப் பேசுடா, பக்கத்து வீட்டுல கேட்கும்" என்று மாமியார் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். பூச்சி ஊர்கிறதென்று மகன் அலறியபோது அந்தக் கதவு அகலத் திறந்துதான் கிடந்தது.

மின்னல் தனியாகப் போனாள். வார்டு வாசலில் இருந்த ஊழியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது ஆம்பளைங்க வார்டும்மா. பொம்பளைங்களுக்குப் படுக்கை இல்ல."

"பொம்பளைங்களுக்கு இது வராதா சார்?"

"வருது. படுக்கைதான் வரல."

மனநல டாக்டரிடம் போகச் சொன்னார். அவரோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முதல்ல மாத்திரையை நிறுத்திட்டு வாங்க. அப்புறம் மனசைப் பார்க்கலாம்."

"மனசு தாங்காமத்தான் சார் மாத்திரையே..." அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சரி, நாமே நிறுத்திவிடுவோம் என்று வீம்பாக நிறுத்தினாள். இரண்டாம் நாள் மேசை முன்னால் கை உதறி, பெட்டி நழுவி முழங்கையைச் சுட்டது, சட்டைகளும் கருகின. மேற்பார்வையாளர் வந்தார், பையைக் கொட்டச் சொன்னார். பழைய மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. "போதைக்காரிக்கு இங்க வேலை கிடையாது" என்றார். வெளியே போக வேண்டுமென்றால் மருந்தறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே நாலு பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதே வெள்ளை மாத்திரைக்காக நின்றிருந்தார்கள்.

பின்னாலேயே ஓடி வந்தவள் பக்கத்து மேசைக்காரி. அவள் குரலுக்காக எல்லோரும் அவளைக் கீச்சி என்பார்கள். அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் இந்தப் பழக்கத்தை நிறுத்தப் பெண்களுக்கென்றே ஒரு சின்ன வார்டு இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு போட்டு மின்னலைப் பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

"சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும்" என்றார்கள்.

"நான் கூடப் பொறந்த அக்கா" என்று கீச்சுக்குரலில் கூசாமல் புளுகினாள் கீச்சி.

அங்கிருந்த நர்ஸ் சிரிக்கத் தெரியாத பெண்மணி. ஆனால் கேட்கத் தெரிந்தவர். "வலிக்குத்தானே ஆரம்பிச்சீங்க? அந்த வலிக்கு யாராவது வைத்தியம் பார்த்தாங்களா?" மின்னல் இல்லையென்று தலையை ஆட்டினாள். "ஒரேயடியா நிறுத்தினா உடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா இறக்கலாம். நடுவுல தவறிப் போட்டுட்டாலும் வந்து சொல்லுங்க, திட்ட மாட்டோம்." அப்புறம் வேறென்ன வலி என்று கேட்டு, செத்த பிள்ளையைப் பற்றியும் தெரிந்துகொண்டார். "என்ன பேர் வைக்கணும்னு நினைச்சிருந்தீங்க?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. மின்னல் பேரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குமுறிக் குமுறி அழுதாள்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்தாள். அவளை யாரும் தாங்கவில்லை. மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வந்திருந்தது. அவள் பையை மாமியார் தினமும் துழாவினாள். புருஷன் மறுபடி அவ்வப்போது குடித்துவிட்டு வந்தான். "என்னைக்கோ ஒரு நாள்தானே" என்று அதற்கும் மாமியாரே சமாதானம் சொன்னாள். ஒரு சாயங்காலம் மின்னல் மகளிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். குழந்தை கையை நீட்டப் போய், பாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த வீடு விட்டுப்போனது.

இப்போது கீச்சி வீட்டுத் தெருவில் ஒற்றை அறை. ஒரு சலவைக் கடையில் உட்கார்ந்தபடியே இஸ்திரி போடுகிறாள். மாதாமாதம் அந்த நர்ஸைப் போய்ப் பார்க்கிறாள். ஒரு தடவை தவறினாள், போய்ச் சொன்னாள், நர்ஸ் சொன்னபடியே யாரும் திட்டவில்லை. மகளைத் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, "போதைக்காரிகிட்ட எவன் பிள்ளையை விடுவான்?" என்றான் புருஷன், வாயில் நாற்றம் வீச.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொண்டுவந்து விடுவான். தெருமுனையிலேயே வேனில் உட்கார்ந்திருப்பான், உள்ளே வர மாட்டான். போன ஞாயிறு தலை பின்னிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "உனக்கு உடம்பு சரியாயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சு கண்ணு."

"அப்பா மாதிரியா?"

மின்னல் அடுத்த பிரியை எடுத்துப் பின்னினாள். ஹாரன் அடித்தது. மகள் பாதிப் பின்னலோடு எழுந்து ஓடினாள்.