நான்கு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் செழியனிடம் ஒரு நாளில் யாராவது பேசினால், அது "ரெண்டு பக்கமும் எடுத்துக் குடுங்க" என்பதாகத்தான் இருக்கும். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் இல்லை. இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் வேண்டாமா?

கடை விட்டு மாடி அறைக்கு வந்தால் அவனுக்கு வேறு உத்தியோகம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவைத்த, கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டை ஓட்டுகிற டிரைவர் புரோகிராம் ஒன்று. எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஒரு பழைய கார்டுக்கு மட்டும் அது தாறுமாறாகப் பிரித்தது. செழியன் திருத்தி அனுப்பினான். அந்த டிரைவரின் பொறுப்பாளர், முகம் தெரியாத யாரோ, பதில் போட்டார்: "பின்னால் இடமும் வலமும் மாறியிருப்பதாகப் புகார். வெள்ளிக்கிழமைக்குள் இன்னொருவரை உட்காரவைத்துக் கேட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் திருத்தத்தை எடுத்துவிடுவேன்."

இன்னொருவர்! அதற்கு எங்கே போவான் அவன்? செழியன் என்ற பெயர் நாலு பேர் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தத் திருத்தத்தின் தலையில் மட்டும்தான். அதுவும் போய்விடுமே!

அறையின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர், நடுவில் காலி நாற்காலி. ஒற்றைக் காதுக்குத் திசை பிடிபடாது. அதனால் சோதனைச் சத்தத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போய் வலது காதை வைத்துக் கேட்பான். முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று ஒரு சுற்று. "ஸ்ஸ்ஸ்" ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது!

வியாழக்கிழமை சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுச் சந்திரம்மாள், வீட்டுக்காரி.

"இன்னாப்பா இது, நாலு நாளா பாம்பு சீறுறாப்புல! மனுசங்க குடியிருக்க வேணாமா?"

செழியன் நாற்காலியைக் காட்டினான். "அஞ்சு நிமிசம் உக்காருங்கம்மா. சத்தம் எங்கேருந்து வருதுனு சொன்னா போதும்."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். "முன்னால பீச்சாங்கைப் பக்கம்... சோத்தாங்கைப் பக்கம்... பின்னால சோத்தாங்கை... அட, கிரிவலம் வராப்புல என்னையே சுத்தி வருதே!"

செழியன் தலையில் அடித்துக்கொண்டான். கிரிவல ஊரில் பிறந்ததிலிருந்து மலையை வலம்வந்த கால் அவனுடையது. வரிசை என்றால் சுற்றுவது என்றே அதற்குத் தெரியும். திருத்தத்திலும் எண்களை அப்படியே சுற்றிப் போட்டிருந்தான். கார்டின் வரிசையோ பந்தி பரிமாறுகிற கணக்கு: முன் வரிசையில் இடது, வலது. பிறகு பின் வரிசையிலும் அதே இடது, வலது.

பின் ஸ்பீக்கர்களின் இரண்டு எண்களை மாற்றிப் போட்டு மறுபடி ஓடவிட்டான். "இப்போ சுத்தலப்பா, குறுக்கால தாண்டிப் போவுது" என்றாள் சந்திரம்மாள். "ஏன், உனக்குக் கேக்கலியா?"

"எனக்கு எடது காது கேக்காதுங்கம்மா. எல்லாம் ஒரே பக்கந்தான்."

அவள் எழுந்தே விட்டாள். "அடப்பாவி! நாலு வருசமா படிக்கட்டாண்ட கூப்புட்டா திரும்பமாட்டியே. திமிரு புடிச்சவன்னு நெனச்சு நானும் பேச்ச வுட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை, சரிசெய்த திருத்தம் ஏறியது. செழியன் பெயருக்குக் கீழே, "கேட்டுப் பார்த்தவர்: சந்திரம்மாள்."

சனிக்கிழமை காலை அவன் படியிறங்கும்போது அவள் இடது பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. ஈரக்கையோடு அவனைச் சுற்றி வலது பக்கம் வந்து நின்று, "சாப்டியாப்பா?" என்றாள்.