பதினாலு கொடுத்த வண்டி

என் அக்கா வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் மைலேஜ்தான். கல்யாணமான வருடம் வாங்கிய டீசல் பிக்கப். பத்தொன்பது வருடமாக முட்டைத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு பேக்கரி பேக்கரியாகப் போய் வருகிறது. லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே 'பதினாலு' என்று பட்டப்பெயர் வாங்கிக்கொண்டவர். மற்ற டிரைவர்களுக்கு இலவசமாக அறிவுரை வேறு: "கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறவன் டிரைவரே இல்ல." கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் மெக்கானிக், எனக்கே பாடம் எடுப்பார்.

அந்த மனிதர் ஒரு திங்கட்கிழமை காலை பட்டறைக்கு வந்து, மைலேஜ் பேச்சையே எடுக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன மாமா, முகம் தொங்கிப்போச்சு? அக்கா திட்டிட்டாளா?"

"பத்துதான் குடுக்குது மாப்ள."

டேங்கை வாய்வரை நிரப்பி ஓட்டிவிட்டு, மறுபடி வாய்வரை நிரப்பி எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். மூன்று தடவை பார்த்துவிட்டாராம். மூன்று தடவையும் பத்துதான்.

"இன்ஜின் போயிடுச்சுன்னா எடைக்குத்தான் போடணும். உங்க அக்கா என்னடான்னா, வித்துத் தொலைச்சிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போங்கன்றா. வண்டி இல்லாம நான் என்னடா பண்ணுவேன்?"

கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. கிண்டலை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் செய்தேன். டயரில் காற்று, டீசல் கசிவு, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று ஒன்று விடாமல் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. கிளட்ச் பக்கம் மட்டும் லேசாகக் கருகல் வாடை. நாலு மாதத்துக்கு முன்னால்தான் பிளேட் மாற்றியிருந்தேன். அப்போதே சீக்கிரம் தேய்ந்துவிட்டதே என்று, போலிச் சாமான் கொடுத்துவிட்டதாகக் கடைக்காரரைக் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தேன். மாமாவின் காலைச் சந்தேகப்படுவேனா?

புதன்கிழமை மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே லோடு, அதே பாதையில் நானே ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் பங்கில் நிரப்பினால் பதினாலுக்கு மயிரிழைதான் குறைவு. துள்ளிக் குதிப்பார் என்று திரும்பினால், மாமாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்ப வண்டி மேல தப்பில்ல" என்றார், மெதுவாக.

மறுநாள் அவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் கால்களைத்தான் பார்த்தேன். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் விஷயம் புரிந்தது. கியர் மாற்றி முடித்த பிறகும் இடது கால் கிளட்ச் மேலேயே கிடந்தது. செருப்பு எப்போதோ கழன்று கீழே விழுந்திருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"மாமா, கிளட்ச்ல கால் வச்சிருக்கீங்க."

"யாரு, நானா? யார்கிட்ட பேசுற நீ?" என்று சீறினார். பிறகு குனிந்து பார்த்தார். காலை எடுத்துக் கீழே வைத்தார். அடுத்த கியர் போட்டதும் அது மறுபடி அங்கேயே கிடந்தது.

அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. வண்டிக்கு நாள் தவறாமல் ஆயில் மாற்றுவார். மாத்திரையை மட்டும் நினைத்தால் போடுவார். சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி செத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது.

நான் இறங்கி அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "இன்னொரு செருப்பையும் கழட்டிட்டுக் கண்ண மூடுங்க மாமா. நான் தொடுறப்ப சொல்லுங்க."

"பட்டறைய மூடிட்டு ஆஸ்பத்திரி தொறந்துட்டியா?" என்று முனகிக்கொண்டே மூடினார்.

பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, இடது கால் கட்டைவிரலில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அழுத்தினேன். அதற்கும் பேசாமல் இருந்தார். அது போகட்டும், கிளட்ச் மிதிக்கிற கால்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வலது காலுக்குப் போனேன். பிரேக் மிதிக்கிற கால். கட்டைவிரலில் வைத்து, தோல் குழியும் வரை அழுத்தினேன்.

"எவ்ளோ நேரம்டா கண்ண மூடிட்டிருக்கறது? தொடுறதுன்னா சீக்கிரம் தொடு. பேக்கரிக்கு நேரமாகுது."

நான் கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்தேன். இன்ஜின் நின்றது. அப்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.