பெயருக்குக் கீழே ஒரு வரி

லேபிள் காயும் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மையும் மண்ணெண்ணெயும் வார்னிஷும் கலந்து மூக்கில் ஏறும். சிவகாசியில் நான் முதன்முதலாக வேலை பார்த்த அச்சகத்தில், கம்ப்யூட்டர் அறைக் கதவை இறுக்கிச் சாத்தினாலும் அது உள்ளே வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆப்செட் மெஷின் ஓடினால் என் மேஜையில் டீ கிளாஸ் தானாக நகரும்...

இன்று காலை ஆபீஸில் எடிட்டர் மென்பொருளைத் திறந்து ஒரு லிங்க் மேல் கர்சரை வைத்தேன். அது எங்கே போகும், அங்கே என்ன இருக்கிறது, ஒரு படம், ஒரு பத்தி விளக்கம் என்று எல்லாம் குபுகுபுவென்று வந்து நின்றது.

சித்ரா ஞாபகம் வந்துவிட்டது.

நானும் அவளும் ஒரே வயது, அந்த அச்சகத்தில் அடுத்தடுத்த நாற்காலி. நான் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவேன், அவள் நாரணாபுரம். அவளுடைய அம்மா பயராபீஸில் வேலை பார்த்தார். பட்டாசு ஆலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

"எங்கம்மா நகத்துல அந்த அலுமினியப் பொடி போகவே போகாதுடி. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட கையை முந்தானைக்குள்ளயே வச்சுக்கிடும்" என்பாள்.

காலையில் பயராபீஸ் வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும். மகள் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பாள். மகள் அந்த வேனில் ஏறக் கூடாது என்பதில் அம்மா ஒற்றைக் காலில் நின்றார். கம்ப்யூட்டர் படிக்க வைத்ததே அதற்காகத்தான்.

தீபாவளி சீசனுக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆன்லைன் கேட்டலாக் போட்டுத் தருவது எங்கள் வேலை. பட்டாசின் பெயரைத் தொட்டால் அது வெடிக்கிற வீடியோ வரும். இதில் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. சரக்கு அதேதான், ஆனால் வருடா வருடம் பெயர் மாறும். போன சீசனில் 'மயில் தோகை' என்றால் இந்த சீசனில் 'ராணி மகுடம்'. அதனால் யாரும் புதிதாக எழுத மாட்டோம். பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றுவோம்.

பெயர் மாறிவிடும். அடியில் லிங்க் பழையபடியே கிடக்கும்... எங்கள் எடிட்டரில் நீல எழுத்தில் பெயர் மட்டும்தான் தெரியும், லிங்க் முகவரி மறைந்திருக்கும்.

ஒருநாள் அப்படித்தான் பூச்சட்டியை, அதாவது புஸ்வாணத்தைத் தொட்டால் ராக்கெட் பறந்தது. கம்பெனிக்காரர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. எங்கள் முதலாளி அண்ணாச்சி நேராக, அந்தக் கேட்டலாக்கைப் போட்ட சித்ராவிடம் வந்தார்.

"ஏம்மா, கண்ணைத் தொறந்து வச்சுத்தான் வேலை பாக்கியா? இன்னொரு வாட்டி இப்படிப் போன் வந்துச்சுன்னா, நீ வீட்லயே இருந்துக்க."

அவர் போன பிறகு சித்ரா மெதுவாகச் சொன்னாள். "வீட்ல எங்கடி இருக்க? மறுநாளே வேன்தான்."



அடுத்த கேட்டலாக் வந்தது. ஒவ்வொரு பெயராகத் தொட்டு, வீடியோ வரும்வரை காத்திருந்து சரிபார்த்தாள். அங்கே நெட் ஆமை வேகம். "இப்படிப் பாத்தா தீவாளியே முடிஞ்சிரும். பேரு மேல கர்சரை வச்சா, இது எங்கன போகுதுன்னு கீழயே சொல்லாதா?" என்றாள் எரிச்சலோடு.

அவள் கேட்டது நியாயம்தானே? அந்த எடிட்டரில் நமக்கு வேண்டியதை எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். சோற்று டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் எடிட்டரே படுத்துவிட்டது. அப்புறம் எப்படியோ பிடிபட்டது. பெயர் மேல் கர்சர் நின்றால் திரையின் கடைசி வரியில் லிங்க் முகவரி தெரியும், நகர்ந்தால் மறையும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

சித்ரா கீழ்நோக்கிய பட்டனை அழுத்திக்கொண்டே போனாள். தப்பாக இருந்ததையெல்லாம் திருத்தினாள். கடைசியில் 'பாதுகாப்புக் குறிப்புகள்' என்ற இடத்தில் நின்றாள்.

"ஏ, இங்கன வா. இதைப் படி."

கீழ் வரியில் வேறொரு கம்பெனியின் முகவரி. போட்டிக் கம்பெனி. அவர்களும் எங்கள் கஸ்டமர்தான்! இது இப்படியே போயிருந்தால், இந்தக் கம்பெனியின் கேட்டலாக்கைத் தொடுகிறவர்கள் அந்தக் கம்பெனியின் கடையில் போய் நின்றிருப்பார்கள்.

சித்ரா எழுந்து போய் அண்ணாச்சியைக் கூட்டி வந்தாள். "அண்ணாச்சி, இந்த வரியைப் பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "இது அவுக கம்பெனியில்ல?"

"ஆமா. அவுக ஃபைலை எடுத்து பேரை மட்டும் மாத்துன்னு நீங்கதான சொன்னீக. அதுல இருந்து வந்திருக்கு. முன்னாடி வந்த தப்பும் இப்படி வந்ததுதான்."

அண்ணாச்சி கழுத்தைச் சொறிந்தார். அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதை எல்லா மெஷின்லயும் போட்டு விடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது, கூடவே உளுந்த வடையும் வந்தது. எங்கள் ஊரில் மன்னிப்பு பெரும்பாலும் வடையாகத்தான் வரும். வீட்டில் இருந்துக்க என்ற பேச்சு அதன் பிறகு எழவே இல்லை.

நான் பெங்களூரு வந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போதைய எடிட்டர் கேட்காததையும் காட்டுகிறது. பாதி நேரம் அதை மூடுவதே வேலையாக இருக்கிறது... அன்று ஒரே ஒரு வரி தெரிந்ததும் இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டோம்.

மதியம் சித்ராவுக்குப் போன் போட்டேன். அச்சகத்தின் கம்ப்யூட்டர் பிரிவையே இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"இன்னும் அந்த வரி இருக்கா?"

"புதுசு புதுசா என்னென்னமோ வந்திருச்சுடி, படமே காட்டுது. ஆனா கீழ அந்த வரியை மட்டும் நான் எடுக்க விடலை."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லாயிருக்கு. பயராபீஸுக்குப் போறதை நிப்பாட்டிட்டேன். காலையில நான் பஸ்ஸுக்கு நிக்கும்போது சும்மா கூட வந்து நிக்கும். வேன் வரும், போயிரும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"போன வாரம் சாத்தூர்ல ஒரு கல்யாணம். எங்கம்மா ரெண்டு கையிலயும் மருதாணி வச்சுக்கிட்டு வந்துச்சு. எல்லார் கையையும் பிடிச்சுப் பிடிச்சுப் பேசுச்சுடி."