பதினேழாவது கலவையும் சொட்டக்காவும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கரைசல் தயாரிக்கிறவளைச் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புளிப்பு அளக்கும் பி.எச். மீட்டரில் எண் ஏழு புள்ளி நாலில் நிற்கும்வரை மூச்சுகூட விடமாட்டாள். இருபத்தாறு வருடமாக இதே வேலை. அவள் வைத்த புட்டியை யாரும் மறுபடி அளந்து பார்த்ததில்லை; அளந்தால் அவள் முகத்துக்கு நேராகச் சந்தேகப்பட்ட மாதிரி. நான் பக்கத்து மேசை. துகள்களின் அளவு பார்க்கும் இயந்திரம் என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் வேலை இதுதான். பழுதான மரபணுவுக்குப் பதிலாக நல்ல டி.என்.ஏ.வை நோயாளியின் செல்லுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். வெறுமனே விட்டால் இரத்தத்திலேயே சிதைந்து போகும். அதனால் கொழுப்பு மூலக்கூறுகளால் சுற்றிப் பொட்டலம் கட்டுகிறோம். அது இரத்தத்தில் மூடியே போக வேண்டும். செல் விழுங்கிய பிறகு, உள்ளே இருக்கும் புளிப்புப் பட்டுத்தான் திறக்க வேண்டும். முந்திக்கொண்டு திறந்தாலும் வீண், கடைசிவரை திறக்காவிட்டாலும் வீண்.

இதற்காக நான்கு வருடம் மாடாய் உழைத்தவள் ஓர் ஆய்வு மாணவி. பதினாறு கலவைகள் ஊத்திக்கொண்டன. பதினேழாவது சரியாக வரும் போலத் தெரிந்ததும், அவளையே பதினேழு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் சொட்டக்காவின் கணவர் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரே வாரத்தில் அக்கா வேலைக்கு வந்து நின்றாள்.

"என்னக்கா, இன்னும் நாலு நாள் வீட்ல இருக்கக் கூடாதா?" என்றேன்.

"வீட்ல இருந்து என்ன பண்ண?"

அழவில்லை. கொடுத்தால் சாப்பிட்டாள், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. நாங்கள் ஏதாவது சொல்லிச் சிரித்தால், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவளும் சிரித்தாள். கொஞ்ச நாளில் மீட்டரையும் புட்டிகளையும் தூக்கிக்கொண்டு குளிர் அறைக்குள் போய்விட்டாள். நாங்கள் சாமான் எடுக்க இரண்டு நிமிடம் நிற்பதற்கே நடுங்கும் அறை அது.

"அங்க போய் என்னக்கா பண்றீங்க?"

"குளிருதுன்னாவது தெரியுது."

நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவதே அபூர்வம். அதையும் மூடக் கூடாத நேரத்தில் மூடினேன்.

அக்கா குளிர் அறையில் கிடந்த அந்த மூன்று மாதமும் பதினேழுக்குச் சோதனை மேல் சோதனை தோற்றது. இரத்தத்தைப் போல நடுநிலையில் இருக்க வேண்டிய கரைசலிலேயே பொட்டலம் பிரிந்து கொட்டியது. பன்னிரண்டு தடவை செய்தாள், பன்னிரண்டும் அப்படியே. ஆய்வுக்கூடத் தலைவர் அந்தக் கலவை வேலையையே மூடச் சொல்லிவிட்டார். அவள் வேறிடத்தில் வேலை தேடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். மிச்சமிருக்கும் பொட்டலங்களையும் அன்றைக்கே கொட்டிவிடுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலையில் அக்கா காலிப் புட்டிகளின் சீட்டுகளை உரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சீட்டிலும் தேதி, பி.எச்., அளந்தபோது இருந்த வெப்பம் மூன்றையும் எழுதுவது அவள் வழக்கம். திடீரென்று கை நின்றது.

"இங்க வா. இதுல என்ன எழுதியிருக்கேன்?"

வெப்பம் என்ற இடத்தில் நாலு டிகிரி என்று இருந்தது. குளிர் அறையின் வெப்பம். அந்தக் கரைசலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குளிரில் ஏழு புள்ளி நாலு காட்டினால், உடம்புச் சூட்டுக்கு வரும்போது ஆறரைக்கு இறங்கிவிடும். அதாவது புளிப்பு. பதினேழு உடம்புச் சூட்டில்தான் சோதித்தாள். பொட்டலம் எங்கே திறக்க வேண்டுமோ அங்கேதான் திறந்திருக்கிறது. புதிதாகச் சேரும் யாருக்கும் முதல் நாளே சொல்லிவிடும் விஷயம் இது. மூன்று மாதமாக எல்லாப் புட்டியிலும் அந்த நாலு தெளிவாக எழுதியிருந்தது. நானும் தினம் அதே புட்டியைக் கையில் எடுத்தவள்தான். அக்கா எழுதியதை யார் படிப்பார்கள்?

"விடுங்கக்கா," என்றேன். எனக்கே வெட்கம்தான், ஆனாலும் சொன்னேன். "அவ நாளைக்குப் போறா. மூடின விஷயத்தைக் கிளறி என்ன ஆகப்போகுது? உங்க பேருதான் கெடும்."

"அவமேல தப்பு இல்லன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டாள். அப்போதே போய்ச் சொல்லியும் விட்டாள்.

அக்கா புதுக் கரைசலை உடம்புச் சூட்டிலேயே வைத்து அளந்து கொடுத்தாள். பதினேழு ஒரு குழாயில் அதையும் இன்னொன்றில் புளிப்புக் கரைசலையும் எடுத்து, இரண்டிலும் பொட்டலங்களையும், டி.என்.ஏ. வெளியே வந்தால் மட்டும் ஒளிரும் சாயத்தையும் விட்டாள். புளிப்புக் குழாய் பத்து நிமிடத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தது. மற்றது மூன்று மணி நேரம் இருட்டாகவே இருந்தது. கலவை அருமையான கலவை. மூன்று பேரில் ஒருவருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை.

பிறகு பதினேழு வெடித்தாள். "எனக்கு மூளை பத்தலம்மான்னு எங்கம்மாகிட்ட சொல்லி அழுதேன்கா. புது எடத்துல கையெழுத்துப் போட்டாச்சு, திங்கக்கிழமை சேரணும். இனிமே இத வேற யாரோ எடுத்துச் செய்வாங்க. நாலு வருஷம்கா! எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன், என்னையே சந்தேகப்பட்டேன். உங்க புட்டிய மட்டும் சந்தேகப்படல."

அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் நேராக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லும்மா," என்றாள். "காதுல விழுது. உள்ள போக மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."

பதினேழு அவளையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.