நூல் உட்காரும்வரை

எங்கள் அண்ணி கையில் எது கிடைத்தாலும் முடிச்சுப் போட்டுவிடுவாள். ரொட்டிப் பாக்கெட், குப்பைப் பை, மகனுடைய ஷூ நாடா எல்லாவற்றிலும் முடிச்சு, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. காலை அவசரத்தில் ஒரு பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் எனக்குப் பல்லும் போகும், உயிரும் போகும்.

"முடிச்சு அண்ணி, வந்து உங்க கட்டை நீங்களே அவிழ்த்துட்டுப் போங்க!" என்று கத்துவேன்.

"எதுக்குடி இப்படிப் பறக்குற?" என்றபடி வந்து நகத்தால் லேசாக நெருடுவாள். முடிச்சு சொன்ன பேச்சைக் கேட்டதுபோல அவிழ்ந்துவிடும். அப்போது எனக்கு வருகிற எரிச்சலைச் சொல்லி மாளாது.

தொழில் அப்படி. அண்ணி முத்துக் கோக்கிறவள். நகைக்கடைகளுக்கும் தனியாகக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கும் மாலை கோத்துத் தருவாள். முத்துக்கு முத்து நடுவே பட்டு நூலில் ஒரு முடிச்சு விழவேண்டும். மாலை அறுந்தாலும் ஒன்றுதான் உருளும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். புது நூல் முத்தின் கனத்துக்குக் கொஞ்சம் இளகும் என்பதால், மற்றவர்கள் மாலையை ஆணியில் தொங்கவிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அண்ணி தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள்.

"ஆணி என்ன குனியுதா, நிமிருதா? கழுத்துல கிடந்தாதான் நூல் உட்காரும்" என்பாள்.

வேலைக்கோட்டுக்குள் மாலையை விட்டு, காலர்ப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வேறு வேலை பார்ப்பாள். நூல் இளகி நின்றபிறகு மாலையைக் கழற்றி, கொக்கி பக்கத்துக் கடைசி முடிச்சுகளைப் போடுவாள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அண்ணியிடம் "எங்க வச்சீங்க?" என்று யாரும் கேட்கக் கூடாது. சாவி தொலைந்தால் அண்ணன் சுவரைப் பார்த்து, "சாவியைக் காணோமே" என்பார். நான் சீப்பைத் தேடும்போது பீரோவிடம் பேசுவேன். வெளியாள் யாராவது பார்த்தால் குடும்பமே கழன்ற கேஸ் என்று நினைப்பார்கள்.

காரணம் இருக்கிறது. அண்ணி முன்பு வேலை பார்த்த கடையில் ஒருமுறை ஒரு முத்தைக் காணவில்லை. "எங்க வச்ச?" என்று கேட்டுக் கேட்டே அவளை ஒரு அறையில் சாயங்காலம்வரை உட்காரவைத்தார்கள். பையைக் கொட்டினார்கள், கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தார்கள். மறுநாள் அந்த முத்து மேஜைக்காலுக்கு அடியில், தரைப் பிளவில் கிடந்தது. முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "சரி சரி, வேலையைப் பாரு" என்றார். நானாக இருந்தால் அந்த மேஜையை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அண்ணி அந்த வேலையையே விட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாலே அவளுக்கு முகம் வெளுத்துப்போகும்.

இப்படிப்பட்டவளைத்தான் ஓவியக்காரம்மா தன் கண்காட்சிக்கு மாலை கோக்கக் கூப்பிட்டார். முத்தும் கல்லும் வைத்துப் படைப்புகள் செய்கிறவர் அவர். நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். கறுப்புப் பலகையில் பட்டை தீட்டாத நீலக்கற்களைப் பதித்து மழை பெய்யவிட்டிருந்தார். ஒரு மரத்துண்டின் வெடிப்புக்குள் மாணிக்கங்கள் கங்குபோல இருந்தன. மண்டபத்தின் நடுவில் கருமரத்தில் கடைந்த கழுத்து ஒன்று நின்றது. தலையும் இல்லை, உடம்பும் இல்லை.

"பாவம், மிச்சம் எங்கே?" என்று கேட்டதற்கு அண்ணி என் தொடையில் கிள்ளினாள்.

அந்தக் கழுத்துக்குத்தான் அண்ணியின் மாலை. கடலில் தானாக விளைந்த முத்துக்கள், வளர்த்து எடுத்தவை அல்ல. ஒன்று அரிசிபோல நீளம், ஒன்று கோணல், ஒன்றுக்கு லேசாக ரோஜா நிறம். அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது என்று ஓவியக்காரம்மாவும் அண்ணியும் நாள்கணக்கில் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தாலும் அண்ணிக்கு அதே பேச்சுதான். குழம்பு தீய்ந்தாலும் தெரியாது.

திறப்புவிழா சாயங்காலம். மதியம்வரை அண்ணி மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு உடை மாற்றிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்கு வந்தாள். வாசல் காவலாளி வழக்கம்போல அவள் பையைத் திறந்து பார்த்து அனுப்பியிருக்கிறார். நான் அவளுடைய நல்ல உடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி கண்ணாடி முன்னால் நின்று வேலைக்கோட்டின் காலர்ப் பொத்தானைக் கழற்றினாள். கழற்றியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாலை அவள் கழுத்தில் இருந்தது.

"ஐயையோ அண்ணி!" என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணன் முகத்தில் பாதிச் சோப்போடு ஓடிவந்தார். ஓவியக்காரம்மாவுக்கு ஃபோன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"ஒண்ணும் ஆகலை. கழட்டிக் கொடு" என்றார் அண்ணன். "நான் போய் யாருக்கும் தெரியாம நைசா மாட்டிட்டு வந்துடறேன்."

"ஆமா, இவர் பெரிய மாயாவி! தலையில்லாத கழுத்துக்கு மாலை போடறப்போ ஒருத்தர் கண்ணுலயும் பட மாட்டார்!" என்றேன்.

அண்ணி எழுந்தாள். "கழட்டிப் பையில வச்சா அது திருட்டுங்க. கழுத்துல இருந்தா வேலை. இப்படியேதான் போவேன்."

சொல்லிவிட்டு, உள்ளே இருந்த மாலையைக் கோட்டுக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள். நல்ல உடை இஸ்திரிப் பலகையிலேயே கிடந்தது.

டாக்ஸியில் நான் திட்டாத ஆள் இல்லை. சிக்னலைத் திட்டினேன், முன்னால் போன வண்டியைத் திட்டினேன், ஃபோனை எடுக்காத மகராசியைத் திட்டினேன். அண்ணியைத் திட்டத்தான் மனசு வரவில்லை. அவள் கை ஐஸாக இருந்தது.

"வேலை போனா போகட்டும்டி" என்றாள். "மறுபடியும் அந்த ரூம்ல உட்கார என்னால முடியாது. எம்பையன் காதுக்குப் போச்சுன்னா?"

"உங்களை உட்காரவைக்க எவன் வர்றான்னு பார்க்கிறேன்" என்றேன்.

நாங்கள் நுழைந்தபோது ஜனம் வந்துவிட்டிருந்தது. கருமரக் கழுத்து மொட்டையாக நின்றது. பக்கத்தில் மண்டப மேனேஜர் கையில் ஃபோனோடு வியர்த்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் ஓவியக்காரம்மா பக்கம் திரும்பிய அவர் குரல் கூரைக்கு ஏறியது.

"இதோ! மேடம், நான் சொல்லலை? கழுத்துல போட்டுட்டே வர்றாங்க பாருங்க! அப்பவே போலீஸுக்குச் சொல்லியிருக்கணும், நீங்கதான் வேண்டாம் வேண்டாம்னு தடுத்தீங்க!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள். நான் சண்டைக்குத் தயாராகப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

ஓவியக்காரம்மா மேனேஜரைக் கவனிக்கவே இல்லை. நேராக வந்தார். மாலைக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"நூல் உட்கார்ந்துடுச்சாக்கா?" என்றார்.

வேலையைப் பற்றிக் கேட்டால் அவளுக்குப் பொய் வராது. பின்கழுத்தில் கைவைத்து நூலை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வேணும் மேடம்."

"அப்போ இருக்கட்டும். இப்ப எடுத்து மாட்டினா தொங்கிப்போயிடும். வாங்க, விருந்தாளிங்களைப் பார்க்கலாம்." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "அவங்க கழுத்துலதான் இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் தேடலை" என்றார்.

வேலைக்கோட்டும் கலைந்த தலையுமாக அண்ணி அந்த மண்டபத்தைச் சுற்றிவந்தாள். மரகதத்தையும் புஷ்பராகத்தையும் பார்க்க வந்தவர்கள் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். சிலர் அருகில் வந்து குனிந்து பார்த்து, அந்தக் கோணல் முத்து எங்கே கிடைத்தது என்றெல்லாம் விசாரித்தார்கள். முதலில் முனகிய அண்ணி, பிறகு கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்துவிட்டாள். பின்னால் நடந்த எனக்கு, என்னவோ நானே பெற்று வளர்த்த மாதிரி பெருமை தாங்கவில்லை.

நூல் நின்றதும் மாலையைக் கழற்றி, எல்லார் முன்னாலும் கடைசி முடிச்சுகளைப் போட்டு, கருமரக் கழுத்தில் மாட்டினாள். அளவு அச்சாக இருந்தது. கை தட்டினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் என்னை இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள், காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். அண்ணி சத்தமாக அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் சேர்த்து வந்துவிட்டது.

"எல்லாம் சரியாயிடுச்சே, இப்ப எதுக்கு அண்ணி அழறீங்க?" என்று கேட்டேன்.

அவள் என் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க என்னை அந்தக் கேள்வி கேட்கவே இல்லடி" என்றாள்.