கொச்சங்காடி கேட்டுக்கு வெளியே நின்று, ஜெஸ்ஸி சேச்சிக்கு

ஜெஸ்ஸி சேச்சி போய்விட்டார். இன்று காலை வைப்பின் தீவு ஜெட்டியில், படகுக்கு வரிசையில் நிற்கும்போதே சரிந்து விழுந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே...

இதை அவருடைய ஷெல்டர் வாசலில் நின்றுதான் டைப் செய்கிறேன். கொச்சங்காடியில் ஒரு பழைய சுக்கு கோடவுன். தெருவில் விடப்பட்ட நாய்களை வைத்து சேச்சி தனி ஆளாக நடத்திவந்த இடம்.

கேட்டில் பூட்டு. சாவி அவருடைய கைப்பையில், பை ஆஸ்பத்திரியில். நேற்று ராத்திரி அவர் வைத்துவிட்டுப் போன சாப்பாடுதான் நாய்களுக்குக் கடைசி. தண்ணீர்ப் பாத்திரங்கள் உள்ளே, கம்பி வழியாக எட்டாது. எப்போது தீர்ந்ததோ தெரியவில்லை.

வெயில் ஏறுகிறது. மேலே தகர ஷீட். காலையில் நான் வந்தபோது எல்லாம் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன, இப்போது சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மட்டாஞ்சேரியில் ஸ்கூல் டீச்சர். தமிழ்க் குடும்பம், ஆனால் பிறந்ததே இங்கேதான். வகுப்பில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். நாய் வளர்ப்பது என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள ஒவ்வொரு டெர்மும் அவர்களைச் சேச்சியிடம் அழைத்துவருவேன்.

முதல் தடவை... குட்டிகளைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஆளுக்கொன்று வேண்டும். சேச்சி ஒரே கேள்விதான் கேட்டார். "நிங்கள் நாட்டில் போகும்போள் பட்டிக்கு ஆரு வெள்ளம் கொடுக்கும்?"

தேனிப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த முத்துலட்சுமி எழுந்து நின்றாள். "எங்க பட்டிக்கு வெள்ளமெல்லாம் வராது மிஸ். கெணறே காஞ்சு கெடக்கு."

மலையாளத்தில் பட்டி என்றால் நாய், வெள்ளம் என்றால் தண்ணீர் என்று நான் அவளுக்குச் சொல்லி, அவள் சொன்னதைச் சேச்சிக்குச் சொல்லி முடிப்பதற்குள், சேச்சி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் வந்தால் "நாய்க்குத் தண்ணி" என்று தமிழில்தான் பாடம் தொடங்கும்.

சிரித்தாரே தவிர, குட்டியைக் கொடுக்கவில்லை. முத்துலட்சுமியின் வீடுவரை போய்ப் பார்த்தார். ஒரே ரூம், பண்டிகை வந்தால் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள். "இப்போ வேண்டா மோளே" என்றார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள், எனக்குச் சேச்சிமேல் அப்படி ஒரு கோபம். அவர் அசையவில்லை. "மோள் ரெண்டு நாள் அழும் டீச்சரே. பட்டி ரோட்டில் கிடந்தால் சாகும் வரைக்கும் அழும்."

இன்னொன்று. இத்தனை தடவை வந்தும் நான் இந்த கேட்டைத் தாண்டியதில்லை. நாய் என்றால் எனக்கு உயிரே போய்விடும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நிற்பேன். சேச்சி கம்பி வழியாக சாயா நீட்டுவார். "டீச்சருக்கு சாயா, பட்டிக்கு பிஸ்கட். மாறிப் போகல்லே..."

ஒரு தடவைகூட உள்ளே வா என்று வற்புறுத்தியதில்லை. அந்த மரியாதைக்கே அவரை எனக்குப் பிடிக்கும்.

பூட்டை உடைக்கலாம் என்கிறார்கள் எதிர்க்கடைக்காரர்கள். உடைத்தபிறகு கேட்டை எப்படிச் சாத்துவது? நாய்கள் மிரண்டு வெளியே பாய்ந்தால் சந்து முழுக்க லாரி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரியா என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.

...

சேச்சியின் தம்பி சாவியோடு வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. கேட் பக்கம் ஒருமுறை பார்த்தார், என்னிடம் சாவியை நீட்டினார். "எனிக்கு பாடி வாங்கப் போகணும் டீச்சரே. இதுகளுக்கு டீச்சரைத் தெரியுமல்லோ."

சாவியை வாங்கிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

குடையை எதிர்க்கடையில் கொடுத்துவிட்டேன். குடத்தில் தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உள்ளே போகிறேன் சேச்சி. நீங்கள் போய் வாருங்கள்.