மூக்கை மட்டும் நம்பும் ஜெயலெட்சுமி

அறைக்குள் நுழைந்ததும் ஜெயலெட்சுமி அக்கா கட்டிலில் உட்காரவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். தலையணையைத் தூக்கி முகர்ந்தார். குளியலறைக் கண்ணாடியை விரலால் தட்டிக் காது கொடுத்தார். பிறகு சுவரோரம் இருந்த குட்டிக் குளிர்ப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பானங்கள் எல்லாம் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொண்டார். "நாம தொடவே இல்லன்னு சாட்சி வேணும் லா. இறங்குறப்ப எல்லாத்தையும் குடிச்சிட்டீங்கன்னு பில்லு நீட்டுவான்," என்றார், பின்னால் பெட்டிகளோடு காத்து நின்ற இரண்டு பெண்களிடம்.

அந்த இருவரால்தான் இந்தப் பயணமே. கிளாரிஸ், அக்காவின் ஒரே மகன் மோகனராஜ் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண். புக்கிட் தெங்காவில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். வெரோனிக்கா அவளைப் பெற்றவர், பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கக் குடும்பம். அம்மாவிடம் சம்மதம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மகன், கடைசியில் பினாங்கிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் நால்வருக்கும் இடம் போட்டுவிட்டான். "ஒண்ணா இருந்து பாருங்கம்மா. திரும்பி வந்து இறங்குறதுக்குள்ள ஒரு பதில் சொல்லுங்க. வேணாம்னா வேணாம். நான் இனிமே கேக்க மாட்டேன்," என்று சொல்லியும் விட்டான்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டார். பெண்கள் மூவரும் ஒரே அறையில் தங்க வேண்டும். பெண்ணின் நடை உடை பாவனையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். மகன் வேறு தளத்தில் தனியாகக் கிடக்கட்டும் என்பது சொல்லாத காரணம். அப்படித்தான் இரண்டு அம்மாக்கள் கீழே படுக்க, கிளாரிஸ் சுவரிலிருந்து இறக்கிவிடும் மேல் படுக்கையில் ஏறிக்கொண்டாள்.

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே அக்காவுக்கு ஒரு சோற்றுக்கடை இருக்கிறது. கணவர் ராமசாமி போன பிறகு தனியாளாக அதை நடத்தி மகனைப் படிக்க வைத்தவர். பசாரில் மீன்காரன் "இன்னைக்கு ஏறுனது" என்று அட்டையில் எழுதி வைத்திருந்தால், அந்த அட்டையை முதலில் ஒதுக்கிவிட்டு மீனின் செவுளைத் திறந்து முகர்வார். எழுத்து எதையும் அவர் நம்புவதில்லை. படிக்கத் தெரியாமல் அல்ல. மூன்று மொழியும் படிப்பார். "எழுதுறவன் கை என்னாத்த வேணா எழுதும். என் மூக்கு அப்படி இல்ல," என்பார். கடைக்கு வருகிறவர்களும் அவர் மூக்கை மெச்சிப் பேசுவது வழக்கம். மெச்சுகிறவர்களின் மீதும் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு, கூட ஒரு துண்டு கறி கேட்கத்தான் அடிபோடுகிறார்களோ என்று.

புறப்படுவதற்கு முன் கைப்பேசியில் கப்பல் பயணக் காணொளிகளைத் தேடித் தேடிப் பார்த்தார். சூரியன் மறையும் அழகைப் பற்றிப் பேசியவர்களை எல்லாம் தள்ளிவிட்டார். எங்கே ஏமாற்றுவார்கள் என்று சொன்னவர்களை மட்டும் மறுபடி மறுபடி கேட்டார். அந்த அறிவு வீண்போகவில்லை. அறைச் சுவர் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி கொண்டுவந்து ஒட்டிப் பைகளை மாட்டினார். பெட்டி அறைக்கு வந்து சேரத் தாமதமாகும் என்று மாத்திரையையும் ஒரு மாற்றுத் துணியையும் கைப்பையிலேயே வைத்திருந்தார். கடல் ஆடினால் வாயில் போட உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழம், அசாம் வைத்திருந்தார். வெரோனிக்காவுக்கு முதல் சாயங்காலமே தலை சுற்றியபோது அந்த அசாம்தான் கைகொடுத்தது. கொடுத்ததும் அக்காவுக்குக் கவலை வந்துவிட்டது, நிஜமாகவே தலைசுற்றலா அல்லது தன்னிடம் நெருங்க ஒரு சாக்கா என்று.

கப்பல்காரர்கள் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டபோது, வாங்கிய பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த பெயரை உரக்கப் படித்து, முகத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்று ஒத்திகை நடந்தபோது, உயிர்காப்புச் சட்டையில் தொங்கிய ஊதலை ஊதிப் பார்த்தார். தளமே திரும்பிப் பார்த்தது. "ஊதாத பீப்பிய மாட்டி வச்சிருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். கிளாரிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் ஊதலையும் மெல்ல ஊதிப் பார்த்து, "என்னோடதும் வேலை செய்யுது ஆண்ட்டி," என்றாள். தன்னைக் கேலி செய்கிறாளா, தன் பக்கம் நிற்கிறாளா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. கேலிதான் என்று வைத்துக்கொண்டார்.

அறையைச் சுத்தம் செய்யும் ஃபிக்ரி, துண்டை மடித்து யானை செய்து கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போனான். உள்ளே என்ன ஒளித்திருக்கிறான் பார்ப்போம் என்று அக்கா தும்பிக்கையிலிருந்து தொடங்கி யானையைப் பிரித்தார். ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததற்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது புதிய சந்தேகமாகச் சேர்ந்துகொண்டது.

ஆனால் இதெல்லாம் மேலோட்டம். அடியில் கிடந்த பயம் வேறு. வெரோனிக்கா விடியற்காலையில் ஜெபமாலை உருட்டும்போது நடுவில் மோகன் என்ற பெயர் காதில் விழுந்ததாக அக்காவுக்குத் தோன்றியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். புனித அன்னா திருவிழாவுக்கு அவரே மெழுகுவர்த்தி கொண்டு போகிறவர்தான். மாட்டிறைச்சியைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு கிளாரிஸ் வீட்டில் அழைத்தார்கள் என்று போனார். மேசை நடுவில் அது இருந்தது. ஆரஞ்சுச் சாறு மட்டும் குடித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். அவர் வீட்டு அடுப்பில் மாடு ஏறியதில்லை, கடையிலும் இல்லை. தான் கண்ணை மூடிய பிறகு தன் சட்டியில் என்ன வேகும் என்ற நினைப்பு அவரை நிஜமாகவே வதைத்தது. "புள்ள நல்ல புள்ளதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா சட்டி என்னோடது," என்று மகனிடம் ஒருமுறை சொல்லிக் கண் கலங்கியும் இருக்கிறார்.

அதனால் கப்பலில் ஒவ்வொரு வேளையும் கிளாரிஸின் தட்டைத்தான் அவர் பார்த்தார். பெண் சோறும் மீனும் காய்கறியும் பழமும் எடுத்துக்கொண்டாள். அடுத்த வேளையும் அப்படியே. தரம் பார்க்கிற வேலை, எதிராளி எதைத் தேடுகிறான் என்று தெரியாமலா இருப்பாள் என்று எண்ணினார். தரையில் கால் வைத்ததும் வேஷம் கலைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

புக்கெட்டில் இறங்கிச் சுற்றிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிய மறுநாள் மதியம். சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நெருக்கியது. நீளமாக அடுக்கியிருந்த பாத்திரங்களில் ஒன்றின் மூடியைத் தூக்கினார் அக்கா. வறுத்த தேங்காயும் செராய்ப் புல்லும் லெங்குவாஸ் கிழங்கும் சேர்ந்து முகத்தில் அடித்தன. கருகருவென்று எண்ணெய் பிரிந்த ரெண்டாங், மலாய்க்காரர்கள் சுண்ட வைக்கும் கறி. முன்னால் ஒரு சின்ன அட்டை நின்றது. வழக்கம்போல அதை அவர் பார்க்கவில்லை. இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஆட்டுக்கறி நல்ல பதமா வெந்திருக்கு. நம்ம ஊரு ஆளுதான் ஆக்கியிருக்கணும்," என்றார் வெரோனிக்காவிடம். ஒரு துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

அப்போதுதான் கிளாரிஸ் தன் தட்டோடு வந்தாள். அக்காவின் தட்டைப் பார்த்தாள். தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆண்ட்டி, அதைச் சாப்பிடாதீங்க. முடி கெடக்கு," என்று சொல்லிக்கொண்டே அவர் முன்னால் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வேறு தட்டில் சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்து வைத்தாள். பெரியவள் தட்டில் கைவைக்கிற துணிச்சலைப் பார் என்று அக்காவுக்குச் சுருக்கென்றது. முடி எதையும் அவர் காணவில்லை. மூக்குக்குத் தப்பினாலும் கண்ணுக்குத் தப்பாதே.

எல்லோரும் பழம் எடுக்கப் போன சமயம், அக்கா மட்டும் அந்தப் பாத்திரத்தின் முன்னால் போய் நின்றார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மாட்டின் படம் போட்டிருந்தது. கொம்போடு, வாலோடு. கழிவறைக்கு ஓடி வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். ராமசாமியின் முகம் நினைவுக்கு வந்து அழுதார். அறியாமல் செய்ததுதானே என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தார், மனசு கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அழுகையைத் தள்ளிக்கொண்டு பழைய குணம் முன்னால் வந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும். யாரிடம் சொல்லப் போகிறாள்?

மேசைக்குத் திரும்பியபோது அங்கே வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் சாப்பாட்டில் முடி என்றதும் மோகனராஜ் கோபமாகப் போய்ச் சமையல் பொறுப்பாளரை அழைத்து வந்துவிட்டான். அந்த மனிதர் தலையில் மாட்டியிருந்த வலையைத் தொட்டுக் காட்டி, தன் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான், எந்தத் தட்டு என்று காட்டினால் பார்க்கிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். தட்டுதான் கழுவப் போய்விட்டதே.

"நீ சரியா பாத்தியா?" என்றான் மோகனராஜ்.

கிளாரிஸ் ஒரு விநாடி அக்காவைப் பார்த்தாள். "இல்ல. நான்தான் தப்பா பாத்திருப்பேன். சாரி சார்," என்றாள்.

"பாத்துப் பேச மாட்டியாடீ? பாவம், ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியே," என்று வெரோனிக்கா மகளைக் கடிந்துகொண்டார். மோகனராஜும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெண் தலையைக் குனிந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா அவளை மீட்டிருக்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார். அதற்காக அன்று சாயங்காலம் வரை தன்னையே வெறுத்தார்.

வெறுத்தாலும் வேவு பார்ப்பதை விடவில்லை. கிளாரிஸ் தன் அம்மாவோடு தனியாக நின்றால் அக்கா அந்தப் பக்கம் நடந்தார். மகனோடு மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், காற்று வாங்குகிற சாக்கில் அங்கேயும் போனார். அவர்கள் சம்பள உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெரோனிக்காவோ, "அந்த ஆட்டுக்கறிய நான் ஒரு வாய் பாக்கல பாருங்கக்கா. இந்தப் பொண்ணு அலறுனதுல மனசே வரல," என்று வெள்ளந்தியாகக் குறைப்பட்டார். அவருக்கும் தெரியாது. கிளாரிஸ் இதை எப்போதைக்குச் சேர்த்து வைக்கிறாள்? நாளைக்கு மாமியார் மருமகள் சண்டையில் எடுத்து வீசவா? ஜெயலெட்சுமி அக்காவால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை.

அறைக்குப் போகும் நடையில் பெண்ணை மறித்தார். "அந்தத் தட்டுல என்னா இருந்துச்சு? உண்மையச் சொல்லு."

"முடி ஆண்ட்டி."

"வலை போட்டுக்கிட்டுல்ல ஆக்குறாங்க. யாரு முடி?"

"என்னோடதா இருக்கும் ஆண்ட்டி," என்றாள் கிளாரிஸ். குரலில் கேலி இல்லை, பயமும் இல்லை. "யாராச்சும் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

அக்கா அவள் முகத்தை, மீன் செவுளைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தார். பிறகு வழியை விட்டார்.

கடைசி நாள். பெட்டிகளை முதல்நாளே வாசலில் வைத்துவிடுங்கள், ஆட்கள் இறக்கித் தருவார்கள் என்று கப்பலில் சொன்னதை அக்கா கேட்கவில்லை. மாற்றுத்துணியையும் உள்ளே பூட்டிவிட்டு உறங்கும் உடையோடு இறங்கிய பயணிகளைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கிறார். தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து காலடியில் நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே பினாங்கின் மலை தெரியத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் துறைமுகம்.

மோகனராஜ் எதிரே வந்து உட்கார்ந்தான். சவரம் செய்யாத முகம். "அம்மா, இறங்கப் போறோம்," என்றான். அதற்கு மேல் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெரோனிக்கா கைப்பைக்குள் விரல்களால் ஜெபமாலையைத் தேடிக்கொண்டிருந்தார். கிளாரிஸ் யார் முகத்தையும் பார்க்காமல், எழுந்து போய் வரிசையில் நிற்கத் தன் தட்டை எடுத்தாள்.

"இரு," என்றார் ஜெயலெட்சுமி அக்கா.

அக்கா மேசை மேல் இருந்த தன் காலித் தட்டை எடுத்து, அந்தப் பெண்ணின் தட்டுக்கு மேல் வைத்தார்.

"எனக்கும் நீயே போட்டு எடுத்துட்டு வா, மா," என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பி, உணவு வரிசைக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.